ஏரம்பரின் வாய்

"வடக்குக்குப் புது பஸ் விட்டாச்சு, சேவை முன்னேறிப் போச்சு எண்டு றேடியோவிலை மந்திரி சொல்லுறார். எங்கை ஐசே அந்தப் புது பஸ்?"

ஒரு கால் மிதிபலகையில், மற்றக் கால் தரையில், தோளில் கத்தரிக்காய்ச் சாக்கு. பண்டத்தரிப்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் காலை பஸ்ஸை ஏரம்பர் வழக்கம்போலச் சந்தியில் மறித்துக்கொண்டு நின்றார்.

"அதை மந்திரியட்டைப் போய்க் கேளுங்கோ அண்ணை. முதல்லை ஏறுங்கோ," என்றான் கொண்டக்டர் கனிசியஸ். குருநகர்க்காரன். மூன்று வருசமாக இந்த மனிதரோடு மல்லுக்கட்டி அலுத்துப் போனவன்.

"உம்மைத்தான் கேக்கிறன். போன வருசக் கலவரத்துக்குப் பிறகு இரவு பஸ் ஓடுதோ? இல்லை. இருக்கிற பஸ்ஸுக்குக் கண்ணாடி இருக்கோ? அதுவும் இல்லை. உதுதான் முன்னேற்றமோ?"

"முந்தி நடுவழியிலை நிண்டு தள்ள வைச்சது. இப்ப தள்ளுறேல்லைத்தானே? அது முன்னேற்றமில்லையோ?" உள்ளேயிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

அவ்வளவுதான். பஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. மந்திரி சொன்னது சரியென்று பாதிப்பேர், பச்சைப் பொய்யென்று மீதிப்பேர். றைவர் ஸ்டியறிங்கில் தலையைச் சாய்த்துக் கொண்டார்.

அந்த அமளிக்குள்தான் பத்மாசினி ரீச்சர் குடையை மடக்கிக்கொண்டு வந்து ஏறினார்.

ரீச்சருக்கு நேரம் பிந்துகிறவர்களைக் கண்ணில் காட்டக்கூடாது. தூரத்து வளைவில் பஸ் ஹோர்ன் கேட்டதும் வீட்டுப் படலையைச் சாத்துவார். குடையை விரிப்பார். சேலை கசங்காமல் ஒழுங்கை வழியே நடந்து வருவார். ஓடமாட்டார். ஓடுவது பிள்ளைகளின் வேலை என்பது அவருடைய கொள்கை. அப்படி வந்தும் ஒரு நாள்கூட பஸ்ஸைத் தவறவிட்டதில்லை என்பதில் அவருக்குச் சொல்லமுடியாத பெருமை.

ஆனால் வரும் நாளெல்லாம் இந்த மனிதர் படியில் நின்று நியாயம் பிளந்துகொண்டிருப்பார். இன்றைக்கு ரீச்சருக்குப் பொறுக்கவில்லை.

"ஏரம்பண்ணை, உங்களாலை எத்தினை பேருக்கு நேரம் பிந்துது தெரியுமோ? பஸ் சேவை முன்னேறேல்லை எண்டு கத்திறியள். அதை முன்னேற விடாமல் மறிச்சுக்கொண்டு நிக்கிறது நீங்கள்தான்!"

இரண்டு கட்சியும் ஒன்றாகச் சிரித்தது. ஏரம்பர் ஏறி, சாக்கைக் காலடியில் வைத்தார். மணி அடித்தது. பஸ் புறப்பட்டது.

ரீச்சர் விடவில்லை.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு யாழ்ப்பாணத்திலை எனக்கு இன்ரவியூ. உப அதிபர் பதவிக்கு. இரண்டு தரம் கைக்கு வந்து தவறிப்போனது, இதுதான் கடைசித் தரம். இந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்குத்தான், அதுவும் வந்தால். நாளைக்கு ஒரு நாளாவது வாயை மூடிக்கொண்டு ஏறுங்கோ."

"இன்ரவியூவோ? நல்ல விசயம். அப்ப ரீச்சர் நாளைக்கு வெள்ளெண வந்திடுவியள்?"

"நான் எப்ப பிந்தி வந்தனான்? இந்த மூண்டு வருசத்திலை ஒரு நாள் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறனோ, சொல்லுங்கோ பாப்பம்!"

ஏரம்பர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"சரி ரீச்சர். கதைக்கேல்லை."

"உங்கடை வாயை நம்பேலாது. சத்தியம் பண்ணுங்கோ."

"அம்மாளாணை, நாளைக்கு வாய் திறக்கமாட்டன்."

மறுநாள் ரீச்சர் பட்டுச்சேலை உடுத்து, சாமி கும்பிட்டு, சேட்டிபிக்கற்றுகளைப் பையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வளைவில் ஹோர்ன் கேட்டது. படலையைச் சாத்தினார். குடையை விரித்தார். நடந்தார்.

ஒழுங்கை முடக்கில் திரும்பியபோது சந்தியில் ஒரு சத்தமும் இல்லை. மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்று ரீச்சருக்கு மனம் குளிர்ந்தது. இன்னும் நாலடி வைத்த பிறகுதான் கண்டார். சத்தம் மட்டுமல்ல, பஸ்ஸும் இல்லை.

ரீச்சர் ஓடினார். சேலை கசங்க, குடை பின்னால் இழுபட, சந்திவரைக்கும் ஓடினார். தூரத்தில் புழுதி மட்டும் தெரிந்தது.

"பூரணம், பஸ் இண்டைக்கு முந்திப் போட்டுதோ?" சந்தியில் அப்பம் சுட்டு விற்பவளிடம் மூச்சிரைக்கக் கேட்டார்.

"இல்லை ரீச்சர். இண்டைக்குத்தான் சரியான நேரத்துக்குப் போகுது. மந்திரி சொன்னது பலிச்சுப் போச்சு எண்டு கனிசியஸ் சிரிச்சுச் சிரிச்சு மணியடிச்சவன்."

"ஏரம்பண்ணை?"

"அந்த மனிசன்தான் பாவம். சாக்கை ஏத்தினார், இறக்கினார், திரும்பவும் ஏத்தினார். கண் முழுக்க உங்கடை ஒழுங்கையிலை. கடைசியிலை கொண்டக்டர் பிடிச்சு உள்ளை தள்ளிப்போட்டான். 'வாய் திறக்கமாட்டன் எண்டு அம்மாளிலை ஆணை வைச்சிட்டன் பூரணம், இண்டைக்கு என்ன செய்யப்போறனோ' எண்டு விடியவே எனக்குச் சொல்லி அந்தரப்பட்டவர்."

பூரணம் அப்பச்சட்டியை மூடிவிட்டு ரீச்சரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மூண்டு வருசமா, உங்கடை குடை முடக்கிலை தெரியிற வரைக்கும்தானே ரீச்சர் அவர் கதைக்கிறவர்?"