பதினைந்து காசு

மளிகைக் கடைக்குள்ளே சுத்தியல் சத்தம். கல்லா மேசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து கடைக்காரர் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். வெளியே நூலகர் நிற்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம்..."

"கையில வேலை சார். முடிச்சுட்டு வரேன்."

காலண்டருக்குப் பக்கத்தில் சுவர் ஒரு பலகை அகலத்துக்கு வெளுத்துக் கிடந்தது. அலமாரித் தட்டு ஏதாவது கழன்று விழுந்திருக்கும், பாவம், சரி செய்கிறார் என்று நூலகர் நினைத்துக்கொண்டார். அவர் வீட்டில் கடை கண்ணிக்கெல்லாம் போவது மனைவிதான். அவருக்கு இந்தப் பக்கம் பழக்கமில்லை.

அந்த மனைவிதான் சற்றுமுன் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டிருந்தாள்.

"மேசை மேல ஒரு காசு வச்சிருந்தேனே?"

"அதுவா? சில்லறையோட சேர்த்துக் குடுத்து சோப்பு வாங்கிட்டேன். ஏங்க, செல்லாதா?"

செல்லாதுதான். பதினைந்து காசு என்று ஒரு நாணயத்தை அரசாங்கம் கொண்டுவர நினைத்து, யாருக்கும் பிடிக்காமல், ஒரே வருடத்தில் கைவிட்டது. கைவிடும் முன்னால், பார்க்க எப்படி இருக்கும் என்று அலுமினியத்தில் கொஞ்சம் அடித்துப் பார்த்துவிட்டு உருக்கிப் போட்டார்கள். தப்பியவை இரண்டே இரண்டு.

ஒன்று அருங்காட்சியகத்தில். மற்றதைத் தேடி நூலகர் வருடக்கணக்காக அலைந்து, பைக்கை விற்று வாங்கினார். கீறல் விழுந்துவிடும் என்று அதைத் துணியால்கூடத் துடைத்ததில்லை. இன்று படமெடுக்க வெளியே எடுத்தவர், அப்படியே வைத்துவிட்டுக் குளிக்கப் போனதுதான் வினை.

உள்ளதைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். ஆனால் அருமை தெரிந்துவிட்டால் கடைக்காரர் காசைக் கண்ணில் காட்டுவாரா? செல்லாத காசு வந்துவிட்டது, மாற்றிக்கொள்கிறேன் என்று சாதாரணமாக வாங்கிவிட வேண்டும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

சத்தம் நின்றது.

"சார், ஒரு உதவி. ஆணி உருண்டு வெளிய ஓடிடுச்சு. உங்க காலடியில கிடக்கா பாருங்க."

நூலகர் குனிந்து தேடினார். செருப்போரம் கிடந்த ஆணியை எடுத்து, சட்டையில் துடைத்து, மேசைக்கு மேலே நீட்டிய கையில் பவ்யமாக வைத்தார். ஆளைக் குளிர வைத்தால் காரியம் சுலபமாகும் என்று அவருக்கு ஒரு கணக்கு.

இரண்டே தட்டு. மூன்றாவது தேவைப்படவில்லை.

கடைக்காரர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இப்பச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல... வீட்டம்மா தெரியாம ஒரு செல்லாத காசைக் குடுத்துட்டாங்களாம். வேற குடுத்துட்டு அதை வாங்கிக்கலாம்னு வந்தேன்."

"அட, அது உங்க வீட்டுக் காசா?" கடைக்காரர் சிரித்தார். "பதினஞ்சு காசாம். இத்தனை வருஷமா கடை நடத்துறேன், என் கண்ணுலயே மண்ணைத் தூவிடுச்சு."

நூலகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்தக் கடைக்காரரைப் போய் சந்தேகப்பட்டோமே என்றுகூட வருந்தினார்.

"பத்திரமா இருக்குல்ல அண்ணே?"

"அது இனிமே எங்கயும் போகாது சார்."

கடைக்காரர் கீழேயிருந்து ஒரு பலகையைத் தூக்கி, சுவரில் வெளுத்திருந்த இடத்தில் மாட்டினார். பலகை நிறைய செல்லாத காசுகள், வரிசையாக.

"இப்படி வச்சாத்தான் நாலு பேருக்குப் பயம் இருக்கும். எவனும் மறுபடி தள்ளிவிட மாட்டான்."

கடைசியாக ஒரு அலுமினியக் காசு பளபளத்தது. அதன் நடுவில், பதினைந்து என்ற எண் இருந்த இடத்தில், ஓர் ஆணியின் தலை தெரிந்தது.

நூலகர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப... எப்ப அடிச்சீங்க?"

"இப்பத்தான் சார். நீங்க எடுத்துக் குடுத்தீங்களே, அந்த ஆணிதான்."