ஆறு நாற்பத்தேழு

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு நாப்பத்தேழுக்கு வெல்டிங் வச்சீங்களா?"

மாடிப்படியில் நின்று முஸ்கான் கேட்டாள். கையில் லேப்டாப். கீழே பட்டறை வாசலில் நின்ற மாரிராஜ் நிமிர்ந்து பார்த்தான்.

மாடியில் அவளுடைய ஆன்டெனா இருக்கிறது. காலேஜ் ஆராய்ச்சிக்காக, மேல்வானத்தில் பட்டுத் திரும்பி வரும் தூரத்து ரேடியோ அலைகளைப் பதிவு செய்கிறாள். கீழே வெல்டிங் பொறி பறந்தால் பதிவு கெட்டுவிடும். அதனால் ஆறிலிருந்து ஏழு வரை பட்டறையில் வேலை கூடாது. மீறினால் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று அவளுடைய அத்தா, வீட்டுக்காரர் அப்துல் ரவூப் போன மாதமே சொல்லிவிட்டார்.

"எதுக்கும்மா கேக்குத?"

"இங்கன பாருங்க." திரையில் படுத்துக் கிடந்த கோடு ஓரிடத்தில் துள்ளியிருந்தது. "வச்சீங்களா, இல்லையா?"

கோவில்பட்டியில் இந்த வாடகைக்கு வேறு பட்டறை கிடைக்காது. வீட்டுக்காரர் மகளை எதிர்த்துப் பேசுவதைவிட, ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவாள் என்று நினைத்தான்.

"ஆமாம்மா. தெரியாம வச்சிட்டேன். ஒரு நிமிஷந்தான். அத்தாட்ட சொல்லிராத."

முஸ்கான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

பட்டறைக்குள்ளிருந்து அவன் மனைவி செல்வமாரி வந்தாள். "கிறுக்கு புடிச்சிருக்கா ஒங்களுக்கு? ஞாயித்துக்கிழமை நாம நாகலாபுரத்துலல்லா இருந்தோம். எங்கண்ணன் மவ காதுகுத்து. மெயினை அமத்திட்டுத்தான போனோம்?"

"நீ சும்மா இருட்டி."

"செய்யாத தப்ப எதுக்கு ஒத்துக்கிடுதீங்க?" போனை முஸ்கானிடம் நீட்டினாள். "பாரும்மா. ஆறு நாப்பத்தஞ்சுக்கு எடுத்தது. எலும்பக் கடிச்சிட்டு இருக்காவ பாரு, ஒன் அண்ணாச்சி."

முஸ்கான் படத்தைப் பார்த்தாள். நேரத்தைப் பார்த்தாள்.

"சத்தியமா வைக்கலியே?"

"சத்தியமா." மாரிராஜ் கையெடுத்துக் கும்பிட்டான். "காலி பண்ணச் சொல்லிராதம்மா."

"நீங்க இல்லன்னு சொல்லணுமேன்னு ரெண்டு நாளா அல்லாட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன், காலியாம் காலி!" கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இருநூறு கோடி வருஷத்துக்கு முந்தி ஒரு நட்சத்திரம் வெடிச்சிருக்கு அண்ணாச்சி. அதோட கதிர் அந்த நிமிஷந்தான் வந்து நம்ம மேல்வானத்தையே கலக்கிருக்கு. உலகம் பூரா இந்த மாதிரி ஆன்டெனாவுல கோடு துள்ளியிருக்கு. எங்க மாடியிலயும் துள்ளுச்சுன்னு சொன்னா, கீழ வெல்டிங் பட்டறை இருக்குல்லான்னு எங்க காலேஜ் சார் சிரிக்காரு!"