வெறும் வண்டியின் கனம்

முதுநகரில் வெயில் சாய்கிறது. சவரியம்மாள் விற்க நிறுத்தியிருக்கும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி புதுசு போலவே மின்னுகிறது. அவள் கணவன் பக்கிரி அதில் மண் அள்ளியதைவிட மத்தியானம் படுத்துத் தூங்கியதே ஜாஸ்தி. போன மாசம் அப்படித் தூங்கியவன் எழுந்திருக்கவில்லை. மழைக்கு முன் கூரைக்குத் தார்ப்பாய் வாங்கியாக வேண்டும் அவளுக்கு. வாங்க வந்த அறிவழகன் தள்ளிப் பார்க்கிறான். வெறும் வண்டியின் சக்கரம் மணலில் அரை முழம் புதைகிறது. நான் பார்த்ததைத்தான் சொல்கிறேன். “என்னாக்கா, இந்தக் கனம் கனக்குது? எனக்கு வேணாம்.” சவரியம்மாள் வண்டிக்குள் குனிந்து மெதுவாகச் சொல்கிறாள்: “ஏங்க, எறங்குங்க. இத வித்தாத்தான் தார்ப்பாயி.” சக்கரம் மணலைவிட்டு எழும்புகிறது. அறிவழகன் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டு போகிறான். அவள் வாசற்படியில் ஒதுங்கி வழிவிடுகிறாள். “கால ஒதறிட்டு உள்ள போங்க.”