கெடாத கேக்

பெங்களூர் பேக்கரியின் கண்ணாடிக்குள் தேவாலயக் கோபுரம்போல் நின்றது மூன்றடுக்குக் கல்யாண கேக். பென்னாகரத்திலிருந்து மகளோடு வந்திருந்த சவுரியப்பன், தன்னையறியாமல் செருப்பைக் கழற்றினார்.

“ஏம்மா லூர்து, இதையா வெட்டித் தின்னுவாங்க?”

மகளின் பார்வை பேக்கரிக்காரர் மேல் இருந்தது. “எத்தன நாளைக்குக் கெடாம இருக்குங்க?”

“பிராந்தியில ஊறின பழம் போட்டதும்மா. மூடி வெச்சா ஒரு வருஷம் தாங்கும்.”

“ஒரு வருஷமா!” சவுரியப்பன் வாயைப் பிளந்தார். “நம்ம வூட்டுக் கொழம்பு மறுநாளே ஊசிப்போவுது!”

“அதுக்கு மேலயும் தாங்குங்களா?” என்றாள் லூர்து.

பேக்கரிக்காரர் சிரித்தார். “அன்னிக்கே தீர்ந்துடும்மா. கல்யாணம் என்னிக்கு?”

“போன வாரமே முடிஞ்சிருச்சுங்க. தாலி கட்டுன கையோட பட்டாளத்துத் தந்தி வந்துச்சு. சாப்புடாமக்கூட கெளம்பிட்டாரு. கேக் வெட்டணும்னு அவருக்கு ரொம்ப ஆச. சண்ட முடிஞ்சு வந்ததும் சேந்து வெட்டணும்.”

பேக்கரிக்காரரின் சிரிப்பு நின்றது. உள்ளே போனவர், வேலையாளிடம் சொல்லாமல் தானே பிராந்திப் புட்டியைத் திறந்து, ஊறிக்கொண்டிருந்த பழத்தின்மேல் முழுதாகக் கவிழ்த்தார்.

லூர்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அவர் சீக்கிரமே வந்துருவாரும்மா,” என்றார் பேக்கரிக்காரர். “இது சும்மா, வாசனைக்கு.”