எழுபதாவது வளைவு

கொல்லிமலை மிளகு விவசாயிகள் நிறுவனத்தில், அலுவலகக் கணினியிலுள்ள ஊழியர்களின் பெயரும் படமும் தானாகவே புது மின்னஞ்சல் சர்வரில் ஏறும்படி அமைத்துக்கொண்டிருந்தேன். ஓடவிட்டதும் பொன்னன் என்று ஒரு பெயர் கூடுதலாக ஏறியது. அங்கே ஜீப் ஓட்டியவர். போன மழையில், மலைப்பாதையின் பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவில் விழுந்து இறந்துபோனார். அலுவலகக் கணினியில் அவர் பெயரை அப்போதே எடுத்துவிட்டார்கள்.

படத்தில் அவர் தலை நனைந்திருந்தது. பின்னால் இருந்த வளைவுப் பலகையில் 12 என்று எழுதியிருந்தது.

அழித்துவிட்டு மறுபடி ஓடவிட்டேன். திரும்ப வந்தார். இப்போது பலகையில் 31. எனக்குப் பயத்தைவிட, எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும் ஆசைதான் அதிகம்.

அங்கே கணக்கு எழுதும் பரிமளா பக்கத்தில் வந்து நின்றாள். பொன்னனின் மனைவி.

"மேல ஏறி வாராருங்க" என்றாள்.

"நிறுத்திடட்டுங்களா?"

"வேண்டாங்க. இன்னொருக்கா அழிங்க."

அழித்தேன். 58.

மறுபடி அழித்தேன். இந்த முறை மலைமேல், அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடைசி வளைவின் பலகை மட்டும் வந்தது. 70. படத்தில் ஆள் இல்லை.

வெளியே நல்ல வெயில். பரிமளா நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.