எமிலின் வலது கை

அந்த மலையூரில் ஒருவருக்குக் குடியுரிமை கொடுப்பதா வேண்டாமா என்பதை ஊர் கூடி, வலது கையைத் தூக்கித்தான் முடிவு செய்யும். அதுவரை விண்ணப்பித்தவர்கள் மண்டபத்துக்கு வெளியே நிற்க வேண்டும். தவநேசனும் அவன் மனைவி சுகிர்தாவும் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். உள்ளே, இவர்கள் ஊரோடு ஒட்டியவர்களா என்று ஒரு மணி நேரமாக வாதம். ஒருவர் மூக்கைப் பொத்திக் காட்ட, நாலு பேர் சிரித்தார்கள். சத்தம் மட்டும் வெளியே வரவில்லை.

தவநேசன், உள்ளே சக்கர நாற்காலியில் இருந்த முதியவர் எமிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏனப்பா அந்தக் கிழவனையே பாக்கிறியள்?” என்றாள் சுகிர்தா.

“பாரிசவாதம் வந்ததிலயிருந்து அவருக்கு வலது கை எழும்பாது. மூண்டு வருசமா ஒவ்வொரு காலமையும் நான்தான் தூக்கிப் பழக்கிறனான். அதுதானே என்ர வேலை.”

தலைவர் ஏதோ கேட்டார். கைகள் எழுந்தன, எண்ணினார்கள், இறங்கின. மறுபடி ஏதோ கேட்டார். எமிலின் தோள் நடுங்கியது. முழங்கை நாற்காலியை விட்டுக் கிளம்பியது. வெளியே தவநேசனின் உள்ளங்கையும் காற்றில் எதையோ தாங்கியபடி கூடவே மேலே போனது.

“தூக்கிட்டார் சுகி! தனியத் தூக்கிட்டார்!”

சுகிர்தா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துப் பார்த்தாள்.

“ஓமெண்டோ, வேண்டாமெண்டோ?”