ரெண்டு சுத்துப் பூட்டு

"தள்ளிக்கோங்க. ஒரே இடி, கதவு நிலையோட வந்துடும்" என்று கடப்பாரையைத் தூக்கினார் பக்கத்து வீட்டுக் கொத்தனார்.

"வாடகை வீடு அண்ணே. இன்னிக்கு நிலை வெளிய வந்தா நாளைக்கு நாங்க வெளிய வரணும்." ஃபிட்டர் குறுக்கே விழுந்து தடுத்தான். "என் கை இருக்கும்போது கடப்பாரை எதுக்கு?"

அறைக்குள் இருந்தது அவனுடைய மாமனார். சற்று முன்புதான் உள்ளே ஏதோ தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது. அவர் மகள் மாத்திரையும் தண்ணீருமாக ஓடிவந்து, தட்டித் தட்டிக் கை சிவந்துபோய் நின்றாள். உள்ளேயிருந்து பதில் இல்லை. காலமெல்லாம் சிமெண்டு மூட்டை சுமந்து, அந்தத் தூசியையே மூச்சாக இழுத்த நெஞ்சு. எந்த நேரம் அடைத்துக்கொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"உள்ள பூட்டிக்கிட்டு விழுந்துட்டாரு போல. எல்லாம் உங்களாலதான்" என்றாள் புருஷனைப் பார்த்து.

அதில் பொய் இல்லை. மில்லில் ஃபிட்டராக இருக்கும் அவனுக்குக் கொஞ்ச நாளாகப் பூட்டுப் பைத்தியம். சாவி இல்லாமல் பூட்டுத் திறக்கும் வித்தையைச் செல்போனில் பார்த்துப் பழகிக்கொண்டான். சைக்கிள் பூட்டு, பீரோ பூட்டு, எதிர்க்கடைக்காரரின் கல்லாப்பெட்டிப் பூட்டு, எதையும் விட்டுவைக்கவில்லை. எந்தக் கதவைக் கண்டாலும் அவன் கண் நேரே சாவித் துவாரத்துக்குத்தான் போகும். கதவு தெரிவது அதற்கப்புறம்தான்.

நேற்று மில் கூட்டாளிகள் வந்திருந்தபோது, மாமனாரின் தகரப் பெட்டியை எடுத்துவந்து கம்பியால் திறந்துகாட்டினான். கைதட்டல் பாதியில் நின்றது. உள்ளே செத்துப்போன மாமியாரின் புடவை ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது. கிழவர் வந்து பெட்டியை மூடினார். மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனார். அதிலிருந்து வீட்டில் யாரோடும் பேச்சில்லை.

"காலைல என் தங்கச்சிக்கு போன் போட்டு, அங்கயே வந்துடறேன்னு சொல்லிட்டாராம். வீட்ல இருந்த பூட்டெல்லாம் போச்சு. இப்ப எங்கப்பாவும் போறாரு."

"சும்மா இரு."

"போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொல்லணும்னுதான் பாத்தேன். வாய் வரல."

"பூட்டுக்குத்தான் கம்பி இருக்கு. உங்க வாய்க்கு என்னத்த விட்டுத் திறக்கறது?"

அவன் மண்டியிட்டான். இரண்டு கம்பிகளைத் துவாரத்துக்குள் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். டக் என்று முதல் சத்தம் அவனே எதிர்பார்க்காத சீக்கிரத்தில் வந்தது. கைப்பிடியை அப்போதுதான் தொட்டான். திருகி இழுத்தான். கதவு அசையவில்லை.

"என்னப்பா, ஆச்சா?" என்றார் கொத்தனார்.

"இது ரெண்டு சுத்துப் பூட்டு அண்ணே. ஒரு சுத்து முடிஞ்சிருக்கு. இன்னும் ஒண்ணுதான்."

இரண்டாவது சுற்றும் வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல் முடிந்தது. கதவு மட்டும் சுவர்போல நின்றது.

"நீ கை வைக்க வைக்க இறுகுதே" என்றார் கொத்தனார். "என் கலவைகூட இவ்வளவு சீக்கிரம் இறுகாது."

மனைவி கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, கோவமா இருந்தாலும் பரவால்ல. ஒரு சத்தம் மட்டும் குடுங்கப்பா."

ஃபிட்டருக்குச் சட்டை நனைந்துவிட்டது. மில்லில் எத்தனையோ இயந்திரத்தை அடக்கிய விரல்களை உதறிக்கொண்டான். இந்த ஒரு கதவு திறந்துவிட்டால் போதும், ஆயுசுக்கும் கம்பியைத் தொடமாட்டேன் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு மறுபடி உள்ளே விட்டான்.

யாரோ தள்ளியதுபோல் கம்பி துள்ளிக்கொண்டு வெளியே வந்து விழுந்தது. டக். டக். கதவு திறந்தது.

"பாத்தியா? இதுக்குத்தான் தொழில் தெரியணும்கறது" என்று மனைவி பக்கம் திரும்பினான். வேண்டுதல் அதற்குள் மறந்துபோயிற்று.

"கைகாரன்தான்யா" என்று கொத்தனார் கடப்பாரையைச் சுவரில் சாத்தினார்.

மனைவி அவனைப் பார்க்கவில்லை. திறந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் அங்கே நின்றிருந்தார். நெஞ்சுக்கு ஒன்றுமில்லை. உடம்பில் சலவைச் சட்டை, காலில் செருப்பு. கட்டிலிலிருந்து இறக்கிய தகரப் பெட்டி ஒரு கையில், அறைச் சாவி மறு கையில்.

மருமகனை மேலும் கீழும் பார்த்தார். கீழே கிடந்த கம்பியைப் பார்த்தார். பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"போகாதீங்க மாமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதுமே மாப்ள, அதுக்குப் போய் சும்மா சாத்தியிருந்த கதவை ரெண்டு சுத்து பூட்டணுமா?"